பள்ளி கேட்டில் நிற்கும் முன்: பிள்ளையைப் பார்க்கவும் கூட்டிவரவும் மதுரைப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் பள்ளிக்கூட கேட் முன்னால் நடக்கும் சண்டைகளில் முக்கால்வாசி ஒரே வசனத்தில்தான் தொடங்கும்: "என்னண்ணே, தினமும் பாக்குறீங்க, என்னையத் தெரியாதா உங்களுக்கு?" வாட்ச்மேனுக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். சிக்கலும் அங்கேதான். தெரிந்த முகம் என்று உங்களை விடுகிறவர், தெரிந்த முகம் என்று இன்னொருவரையும் விடுவார். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் பெரும்பாலும் குற்றவாளி, அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே பழக்கமான ஆள்தான்.

அதனால் கேட்டில் முகம் செல்லாது, தாள்தான் செல்லும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவசர நாளில் கேட்டில் என்ன நடக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அது அதற்கு முன்பே பள்ளியின் ஃபைலில் இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன

2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு தனியார் பள்ளிக்குள்ளேயே ஒரு சிறுவன் கொல்லப்பட்டான். அதே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: வெளியாட்கள் உள்ளே வருவதைக் கட்டுப்படுத்த வேண்டும், ஊழியர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும், பெற்றோர், ஆசிரியர், மாணவர் சேர்ந்த பாதுகாப்புக் குழு வேண்டும் என்று. 2021இல் மத்தியக் கல்வி அமைச்சகம், பள்ளிப் பாதுகாப்பில் அலட்சியம் நடந்தால் யார் பொறுப்பு என்பதற்குத் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. சி.பி.எஸ்.இ. பள்ளியோ மெட்ரிக் பள்ளியோ, இன்று நகரத்தில் பெரும்பாலான நிர்வாகங்கள் கேட்டை இறுக்கியிருப்பதற்குப் பின்னால் இந்தப் பயம் இருக்கிறது.

பெற்றோர் நினைத்த நேரத்தில் வகுப்பறைக்குள் போகலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுற்றறிக்கை பெற்றோரை வெளியே நிறுத்தச் சொல்லவில்லை, குழுவில் உட்காரவைக்கச் சொன்னது. பல பள்ளிகள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டன என்பது என் எண்ணம்.

படி 1: ஜூன் மாதத்திலேயே ஃபைலைச் சரிசெய்யுங்கள்

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் இதை முடித்துவிடுங்கள். அட்மிஷன் போடும்போது கொடுத்த விண்ணப்பத்தில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்று ஆபீஸில் கேளுங்கள். பழைய சிம் நம்பர்தான் இருக்கும், பந்தயமே கட்டலாம். அரசுப் பள்ளியானால் எமிஸ் (கல்வித் துறையின் கணினி வழி மாணவர் பதிவேடு) பதிவில் இருக்கும் நம்பரையும் மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து, பிள்ளையைக் கூட்டிப்போக யார் யார் வரலாம் என்ற பட்டியல். டைரியின் முதல் பக்கங்களில் இதற்கு இடம் இருக்கும், ஆனால் அது போதாது. டைரி பிள்ளையின் பையில் இருக்கிறது, அதைத் தொலைப்பதும் அவன்தான். தனியாக ஒரு கடிதமே கொடுங்கள். மாதிரி இது:

"பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள். ஐயா / அம்மா, தங்கள் பள்ளியில் 3ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் என் மகளை, நானும் என் கணவரும் தவிர, கீழ்க்கண்ட இருவர் மட்டும் அழைத்துச் செல்ல அனுமதிக்கிறோம்: (1) தாய்வழித் தாத்தா, (2) என் கணவரின் தம்பி. இவர்களுடைய புகைப்படம், கைபேசி எண், ஆதார் நகல் இணைத்துள்ளோம். வேறு யார் வந்தாலும், எங்கள் பெயரைச் சொன்னாலும், கீழே உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்காமல் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்."

இருவரும் கையெழுத்துப் போட்டு, நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். "அதெல்லாம் எதுக்கு மேடம், நாங்க பாத்துக்குறோம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே நின்று வாங்கிவிடுங்கள். ஆதார் நகலில் எந்தப் பள்ளிக்கு, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதைக் குறுக்கே எழுதிவிட்டால் அதை வேறு எதற்கும் பயன்படுத்துவது கடினம்.

பட்டியலைச் சின்னதாக வையுங்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, எதிர்வீட்டு அக்கா என்று பத்துப் பேரை எழுதினால் பட்டியல் இருந்தும் இல்லாத மாதிரிதான். சித்தப்பாவை எழுதி மாமாவை விட்டுவிட்டால் வீட்டில் முகம் தூக்குவார்கள், தெரியும். அதற்காக எழுதாதீர்கள்.

அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால், இங்கே அவசரத்துக்கு முடிவெடுப்பவர் யார் என்பதையும் அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். பிள்ளைக்கு வலிப்பு, சர்க்கரை, ஆஸ்துமா இருந்தால் டாக்டர் சீட்டின் நகலும், மருந்து கொடுப்பது யார் என்பதும் எழுத்தில் போகட்டும்.

படி 2: சாதாரண நாளில் உள்ளே போவது

காலை மணி அடிக்கும் நேரத்திலும் சாயங்காலம் விடும் நேரத்திலும் டீச்சரைப் பார்க்கப் போகாதீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு நாற்பது பிள்ளைகள், உங்களுக்கு ஒரு பிள்ளை. ஆபீஸுக்கு போன் போட்டு, அவருக்கு எந்தப் பீரியட் ஃப்ரீ என்று கேட்டுவிட்டுப் போனால் வேலை சீக்கிரம் முடியும்.

கேட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: நோட்டில் பெயர், வந்த நேரம், யாரைப் பார்க்க, கையெழுத்து. சில பள்ளிகளில் கழுத்தில் மாட்ட ஒரு அட்டை தருவார்கள். ஒரு சீட்டும் தந்தால், யாரைப் பார்த்தீர்களோ அவரிடம் கையெழுத்து வாங்கி வெளியே வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். வெளியே போன நேரத்தையும் எழுதுங்கள். நம்மில் பாதிப் பேர் அதை எழுதுவதே இல்லை. அப்படிப்பட்ட நோட்டில் மாலை ஆறு மணிக்கு எத்தனை பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

உள்ளே போனபின் சில நடைமுறை. ஆபீஸிலோ பார்வையாளர் அறையிலோதான் இருக்க வேண்டும், பிள்ளையை அங்கே அழைத்து வருவார்கள். பிள்ளைகளின் கழிப்பறையைப் பெரியவர்கள் பயன்படுத்தவே கூடாது. மற்ற பிள்ளைகள் தெரிகிற மாதிரி போட்டோ, வீடியோ வேண்டாம். உங்கள் பிள்ளையோடு சண்டை போட்ட பையனை நேரில் கூப்பிட்டு அதட்டுவது கூடவே கூடாது. அது நேராகப் போலீஸ் புகாராக முடியலாம்.

மத்தியானச் சாப்பாடு தனிக் கதை. பன்னிரண்டரைக்கு சிம்மக்கல், தல்லாகுளம் பக்கம் எந்தப் பள்ளி வாசலைப் பார்த்தாலும் ஒயர்க் கூடையோடு பாட்டிமார் நிற்பார்கள். சோறு சூடாக இருக்க வேண்டும், பேரன் இரண்டு வாய் தின்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் உள்ளே வேப்பமரத்தடியில் உட்காரவைத்து ஊட்டுவார்கள், இப்போது பல பள்ளிகளில் கூடையை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். பாட்டிக்கு வருத்தம்தான். ஆனால் தினமும் நூறு பேர் பிள்ளைகள் நடுவில் வந்து போகிற இடத்தில் நூற்றியோராவது ஆளை யார் கவனிப்பார்கள்? கூடையில் பெயர், வகுப்பு, பிரிவு எழுதி ஒட்டுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், ரசம் ஊற்றிய கூடையை ஆயாம்மா ஒரு தடவைதான் மன்னிப்பார். எல்.கே.ஜி. பிள்ளை தானாகச் சாப்பிடத் தெரியாமல் பட்டினி கிடக்கிறது என்றால், முதல் மாதம் மட்டும் ஒருவர் வந்து ஊட்ட அனுமதி கேட்டு எழுதிக் கொடுங்கள். கேட்டால் கொடுக்கிற பள்ளிகள் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் முடியாது. அம்மாவை ஐ.டி. கார்டு கேட்டு நிறுத்துகிற அதே கேட்டில், பெயின்ட் டப்பாவோடு வருகிறவரை, ஏ.சி. பார்க்க வருகிறவரை, தண்ணி கேன் போடுகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பள்ளி நேரத்தில் ரிப்பேர் வேலைக்கு வருகிறவர்களோடு ஊழியர் ஒருவர் கூடவே இருக்கிறாரா? அந்த வேலைகளைச் சனி, ஞாயிறுக்குத் தள்ள முடியாதா?

கேட்டைப் பூட்டுவது பற்றியும் கேளுங்கள். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் பள்ளி தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள், ஒடுங்கிய வழியில் அவர்களால் வெளியே வர முடியவில்லை. வெளியாள் வராமல் பூட்டுப் போடுவது சரிதான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாட்ச்மேன் டீக்கடைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கும் பள்ளியிடம் பதில் இருக்க வேண்டும்.

படி 3: பாதி நாளில் கூட்டிப்போவது

காதுகுத்து, ஊரில் துக்கம், பல் டாக்டர் என்று காரணம் எதுவாக இருந்தாலும், முடிந்தால் முதல் நாளே டைரியில் எழுதி அனுப்புங்கள். அன்றைக்கு ஐ.டி. அட்டையோடு போங்கள். வகுப்புக்கு ஆள் அனுப்பி பிள்ளையை ஆபீஸுக்கு வரவைப்பார்கள், வெளியேறும் நோட்டில் நேரமும் கையெழுத்தும் போட வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிற நேரம்தான்.

பட்டியலில் இல்லாத ஒருவரை அனுப்ப வேண்டிய நிலை வந்தால், வாட்ஸ்அப்பில் "இவர் வருவார்" என்று டீச்சருக்கு மெசேஜ் போட்டால் மட்டும் போதாது. போன் திருடு போயிருக்கலாம், வேறு கையில் இருக்கலாம். நீங்கள் பள்ளி ஆபீஸுக்குப் பேசுங்கள். அவர்கள் பதிவில் இருக்கும் உங்கள் நம்பருக்குத் திரும்ப அழைத்து உறுதி செய்யட்டும். இப்படித் திரும்ப அழைக்கும் பழக்கம் உங்கள் பள்ளியில் இல்லையென்றால் ஜூன் கடிதத்திலேயே கேளுங்கள், செலவில்லாத விஷயம்.

வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். "அம்மாவுக்கு ஆக்சிடென்ட், ஆஸ்பத்திரியில இருக்காங்க, சீக்கிரம் வா" என்பதுதான் பிள்ளைகளை ஏமாற்ற உலகம் முழுக்கச் சொல்லும் பொய். யார் வந்து அப்படிச் சொன்னாலும், "எங்க வீட்டுச் சொல்லு என்ன?" என்று கேட்கப் பழக்குங்கள். பருத்திப்பால், கறிதோசை என்று பிள்ளைக்கு மறக்காத எதுவும் ஆகும். ஒரு முறை பயன்படுத்திவிட்டால் மாற்றிவிடுங்கள். சொல் தெரியாதவரோடு போகாமல் டீச்சரிடம் திரும்பி ஓடினால் யாரும் திட்ட மாட்டார்கள் என்பதையும் சொல்லிவையுங்கள்.

மழைக்காலத்தில் பள்ளியைப் பாதியில் விட நேரும் நாள்தான் உண்மையான சோதனை. எல்லாப் பெற்றோரும் ஒரே நேரத்தில் வருவார்கள், வராதவர் பிள்ளையையும் பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிப்போகப் பார்ப்பார். நல்ல எண்ணம்தான், ஆனால் பட்டியலில் இல்லாமல் அனுப்பினால் அரை மணி நேரம் கழித்து நீங்கள் வந்து வெறும் பெஞ்சைப் பார்ப்பீர்கள். பக்கத்து வீட்டில் ஒருவரை நம்பினால் அவரைப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.

படி 4: ஆட்டோ, வேன்

பல பிள்ளைகளைத் தினமும் பள்ளியிலிருந்து வெளியே கொண்டுவருவது ஆட்டோ அண்ணன்தான். அவரைப் பற்றி பள்ளி ஃபைலில் ஒரு வரிகூட இருக்காது. வண்டி நம்பர், லைசென்ஸ் நகல், போட்டோ, எந்தெந்தப் பிள்ளைகள் என்பதை அந்த ஆட்டோவில் போகும் பெற்றோர் சேர்ந்து எழுதிப் பள்ளியில் கொடுங்கள். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று மச்சினனை அனுப்பினால், உங்களிடம் சொல்லாமல் பிள்ளை ஏறக் கூடாது. இதை அவரிடம் முன்பே பேசிவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பள்ளிப் பேருந்துகளுக்குத் தமிழ்நாட்டில் 2012இல் இருந்து தனிச் சிறப்பு விதிகள் இருக்கின்றன. பிள்ளைகளை ஏற்றி இறக்க வண்டியில் உதவியாளர் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளையை நிறுத்தத்தில் யாரும் இல்லாமல் இறக்கிவிடாமல், திரும்பப் பள்ளிக்கே கொண்டுபோகச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

படி 5: அப்பாவும் அம்மாவும் பிரிந்திருந்தால்

பள்ளிகள் மிகவும் திணறுவது இங்கேதான், பெற்றோர் மிகவும் தவறாகப் புரிந்துகொள்வதும் இங்கேதான்.

"அவர் வந்தா பிள்ளையைக் காட்டாதீங்க" என்று அம்மா வாயால் சொன்னாலோ, "அவகூட அனுப்பாதீங்க" என்று அப்பா வாயால் சொன்னாலோ, பள்ளி அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் தலைமை ஆசிரியருக்கு இல்லை, நீதிமன்றத்துக்கு. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தில் இயற்கைக் காப்பாளர் என்று முதலில் தந்தையைச் சொல்லியிருந்தாலும், தாயும் காப்பாளராக இருக்க முடியும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மற்ற மதத்தினரும் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போகலாம்.

மதுரையிலேயே குடும்பநல நீதிமன்றம் இருக்கிறது. வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால உத்தரவு கேட்கலாம். வீட்டில் வன்முறை இருந்தால், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டே தற்காலிகமாகப் பிள்ளையைப் பெண்ணின் பொறுப்பில் விட உத்தரவிட முடியும். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், 15100க்கும் அழைக்கலாம்.

உத்தரவு கையில் வந்ததும் அதன் சான்றிட்ட நகலைப் பள்ளிக்குக் கடிதத்தோடு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இருபது பக்கத் தீர்ப்பை யாரும் படிக்க மாட்டார்கள், எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். டி.சி. யார் கேட்டால் தருவது என்பதையும் சேருங்கள். ஒருவர் டி.சி. வாங்கிப் பிள்ளையை வேறு ஊரில் சேர்த்துவிட்டால் அதற்கப்புறம் அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

பிள்ளை தன்னிடம் இல்லாத அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு யோசனை. நீதிமன்றத்தில் "ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்பதோடு நின்றுவிடாதீர்கள். ரேங்க் கார்டு பார்க்க, பெற்றோர் கூட்டத்துக்கு வர, ஆண்டு விழாவில் உட்கார அனுமதி என்பதையும் உத்தரவில் எழுதச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். எழுத்தில் இருந்தால் பள்ளி தயங்காமல் செய்யும்.

சந்திப்புக்குப் பள்ளி வாசலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பக்கம் அப்பா சாக்லேட்டோடு, இன்னொரு பக்கம் தாய்மாமன் பைக்கோடு, நடுவில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆயாம்மா சேலைக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை. மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளைதான் போய் உட்கார வேண்டும். "நீ யார்கூட போறே, சொல்லு" என்று அந்த இடத்தில் பிள்ளையைக் கேட்கிற டீச்சர்களும் இருக்கிறார்கள். அதைக் கேட்கவே கூடாது.

படி 6: விடுதியில் விட்டிருந்தால்

பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்குத் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் கட்டாயம். சேர்ப்பதற்கு முன் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். பார்வையாளர் அட்டையில் யார் போட்டோ ஒட்டியிருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் அனுமதி என்பார்கள். உசிலம்பட்டியிலிருந்து கறிக்குழம்போடு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் அப்பத்தா என்றால் அவர் போட்டோவையும் முதலிலேயே ஒட்டுங்கள்.

பார்க்கும் நாள் ஞாயிறு என்றால் ஞாயிறுதான், அதில் வாதாடிப் பயனில்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்தக் கிழமையும் பார்க்க விடுவீர்களா, உடனே போன் செய்வீர்களா, வார்டன் இல்லாமல் பிள்ளை வீட்டோடு பேச முடியுமா என்ற மூன்றையும் சேர்க்கும் அன்றே கேளுங்கள். மூன்றாவதற்கு "முடியாது" என்று பதில் வந்தால் நான் அந்த விடுதியில் சேர்க்க மாட்டேன்.

படி 7: மறுத்தால், அல்லது ஏதோ சரியில்லை என்று தோன்றினால்

சாதாரண மறுப்புக்கு, வாட்ச்மேனிடம் குரல் உயர்த்துவதில் ஒன்றும் கிடைக்காது. அவர் சொன்னதைச் செய்கிறவர். ஆபீஸில் பேசுங்கள், தலைமை ஆசிரியருக்கு எழுதுங்கள், தாளாளருக்கு நகல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

பிள்ளைக்கு அடி விழுந்திருக்கிறது, யாரோ தொட்டிருக்கிறார்கள், பள்ளி மூடி மறைக்கிறது என்றால் இந்த வரிசையில் நிற்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098க்கோ அவசர உதவி எண் 112க்கோ உடனே அழையுங்கள். அடிப்பதும் மனதளவில் துன்புறுத்துவதும் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவில் தடை. பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டம் 2012இன்படி, விஷயம் தெரியவந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. "வெளிய தெரிஞ்சா பிள்ளை பேரு கெட்டுரும், நமக்குள்ள பேசி முடிச்சிருவோம்" என்று யாராவது உட்காரவைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளையின் பெயர் வெளியே வராமல் சட்டமே பாதுகாக்கிறது. வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை இல்லாத போலீஸ் அதிகாரி வந்து எடுக்க வேண்டும், முடிந்தவரை பெண் அதிகாரி. பிள்ளையை ஸ்டேஷனுக்கு அலைக்கழிக்க வேண்டியதில்லை.

சி.சி.டி.வி. பதிவு வேண்டுமானால் தாமதிக்கக் கூடாது. சி.பி.எஸ்.இ. 2025 ஜூலையில் தன் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த விதிப்படி, வகுப்பறை, தாழ்வாரம், நுழைவாயில் எல்லாவற்றிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 15 நாளாவது வைத்திருக்க வேண்டும். 16ஆம் நாள் போய்க் கேட்டால் "அழிஞ்சிருச்சு சார்" என்பார்கள். தேதி, நேரம், இடம் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் எடுத்து வைக்கும்படி அன்றே எழுத்தில் கொடுங்கள். பதிவில் மற்ற பிள்ளைகளும் இருப்பதால் உங்கள் கையில் தர மறுக்கலாம், போலீஸ் கேட்டால் தர வேண்டும்.

கேட்டே இல்லாத பள்ளிகள்

மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துக் கிராமங்களில் பிரச்சினை தலைகீழ். அங்கே உள்ளே விடவில்லை என்று யாரும் சண்டை போடுவதில்லை. சுற்றுச்சுவரில் ஒரு பக்கம் இடிந்திருக்கும், சாயங்காலம் ஆனால் உள்ளே சீட்டுக் கச்சேரி, காலையில் பிள்ளைகள் பாட்டில் பொறுக்குவார்கள். வாட்ச்மேன் என்ற பதவியே இருக்காது.

இதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுதான் வழி. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் தலைவராக இருப்பதும் ஒரு மாணவரின் அம்மாதான். குழுக் கூட்டத்தில் சுற்றுச்சுவர், கேட், பூட்டு என்று தீர்மானம் போட்டு நோட்டில் ஏற்றுங்கள். அந்தத் தீர்மானத்தின் நகலோடு கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடும். அங்கேயும் நகரவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு. இடிந்த சுவரை இரண்டு போட்டோ எடுத்துப் பின்னால் இணைத்து, மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் அந்த வரிசையை விட்டு நகராதீர்கள்.